ஒரே ஒரு சாக்பீஸ்: நிறுவனங்கள் தகவலை எப்படிப் பயன்படுத்துகின்றன?

வணிக நிர்வாகம் படிக்க வரும் முதலாண்டு மாணவர்களிடம் "தகவல் அமைப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் கம்ப்யூட்டர் என்பார்கள், மீதிப் பேர் சாஃப்ட்வேர் என்பார்கள். அதனால் என் முதல் வகுப்பில் நான் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. கரும்பலகையில் ஆறு கட்டங்கள் வரைந்து 1 முதல் 6 வரை எண் இடுகிறேன். "இது சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ். நமக்காக ஆறே படுக்கைகள். இன்றிரவு வண்டி கிளம்புகிறது" என்று சொல்லிவிட்டு மூன்று மாணவர்களை எழுப்பி வகுப்பின் மூன்று மூலைகளில் உட்கார வைக்கிறேன். ஒருவர் எழும்பூர் கவுன்டர், ஒருவர் விழுப்புரம், ஒருவர் திருச்சி. ஆளுக்கு ஒரு நோட்டு. மற்றவர்கள் பயணிகள், ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் எழுதிய துண்டுச்சீட்டு கையில் இருக்கும்.

முதல் சுற்றில் கவுன்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பலகையையும் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் மூன்று நோட்டுகளையும் வாங்கிப் படித்துக் காட்டுவேன். 1-ஆம் எண் படுக்கை மூன்று பேருக்கு விற்கப்பட்டிருக்கும். மூவருமே எண்ணை ஒன்றிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள். வகுப்பு சிரிக்கும். "நள்ளிரவில் விழுப்புரத்தில் ஏறும் அம்மா, தன் படுக்கையில் இன்னொருவர் போர்வை போர்த்தித் தூங்குவதைப் பார்த்தால் சிரிப்பாரா?" என்று கேட்பேன். சிரிப்பு அடங்கும்.

இரண்டாம் சுற்றுக்கு வழி சொல்லுங்கள் என்றால் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: பங்கு பிரித்துக் கொடுத்துவிடலாம். எழும்பூருக்கு நான்கு, விழுப்புரத்துக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று. இப்போது சண்டை வராது. ஆனால் எழும்பூரில் ஏழு பேர் வந்து மூவர் இடமில்லாமல் திரும்புவார்கள். திருச்சிக்கு யாருமே வந்திருக்க மாட்டார்கள். அந்தப் படுக்கை மதுரை வரை காலியாகவே போகும். மூவரைத் திருப்பி அனுப்பிய எழும்பூர் கவுன்டருக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றாம் சுற்றில் நோட்டுகளை வாங்கி வைத்துவிடுகிறேன். எல்லாரும் பலகையைப் பார்க்கலாம், அதிலேயே எழுதலாம். ஒரே நிபந்தனை: சாக்பீஸ் ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே எழுதலாம். எழுதி முடித்த நொடியில் கீழே வைத்துவிட வேண்டும். இந்தச் சுற்றில் ஒரு படுக்கை இருவருக்குப் போவதில்லை, ஒரு படுக்கையும் வீணாவதில்லை.

அதற்குப் பிறகுதான் விளக்கம். எந்தத் தகவல், யாருக்கு, எப்போது தெரிகிறது. தெரிந்தவருக்கு அதை வைத்து என்ன செய்ய அனுமதி இருக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்துத்தான் தகவல் அமைப்பு என்கிறோம். பலகை அதில் ஓர் உறுப்பு. சாக்பீஸ் விதி இன்னோர் உறுப்பு. மூலையில் உட்கார்ந்திருக்கும் மாணவரும், துண்டுச்சீட்டை நிரப்பிய பயணியும் அதன் உறுப்புகளே. கம்ப்யூட்டர், பலகையின் வேலையைச் செய்ய வந்த கருவி. மிக நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாக்பீஸ் விதியை யாராவது மனிதர் யோசித்துச் சொன்னால்தான் அது செய்யும்.

பங்கு பிரித்த காலம்

வகுப்பில் ஆடிய இரண்டாம் சுற்று கற்பனையன்று. இந்திய ரயில்வே பல பத்தாண்டுகள் அப்படித்தான் இயங்கியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தடித்த பதிவேடு இருக்கும். எந்த வண்டியின் பதிவேடு எந்தக் கவுன்டரில் இருக்கிறதோ அங்கேதான் வரிசையில் நிற்க வேண்டும். வழியிலுள்ள நிலையங்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கீடு உண்டு. வெளியூரிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்கு இங்கிருந்தே இடம் வேண்டுமென்றால் அந்த ஊருக்குத் தந்தி போக வேண்டும், பதில் வர வேண்டும்.

அதைத் திட்டமிடத் தெரியாதவர்கள் செய்த வேலை என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் அதே நேரத்தில் பார்க்க முடியாத நிறுவனம், தன் சரக்கைப் பங்கு போட்டுத்தான் விற்க முடியும். வேறு வழி கிடையாது. நான்கு கிளைகள் உள்ள ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்தினம் ஒரு கிளையில் குறிப்பிட்ட நிறப் புடவை தீர்ந்து வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார். இன்னொரு கிளையின் அலமாரியில் அதே புடவை பிரிக்காமல் கிடக்கிறது. அங்கேயும் நடப்பது இதுதான். நிறுவனத்தின் கிளைகள், துறைகள், அதிகாரப் பங்கீடு என்று நாம் நிர்வாகப் பாடத்தில் படிக்கும் பலவும், தகவல் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைப் பொறுத்து உருவானவை. தகவல் போகும் தூரம் மாறினால் நிறுவனத்தின் உருவமும் மாறியே தீரும். இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

புடவையாவது அடுத்த வாரம் விற்கும். ரயில் படுக்கை அப்படியில்லை. மதுரை மல்லிகையைக்கூடச் சாயங்காலம் விலை குறைத்துத் தள்ளிவிடலாம். வண்டி கிளம்பிய பின் காலிப் படுக்கையை யாரிடம் விற்பது? அதுமட்டுமா, ஒரு படுக்கை என்பது ஒரே சரக்கும் அன்று. எழும்பூரில் ஏறி விழுப்புரத்தில் இறங்குபவருக்கு ஒரு துண்டு, விழுப்புரம் முதல் திருச்சி வரை ஒரு துண்டு, அங்கிருந்து மதுரை வரை ஒரு துண்டு என்று அதே படுக்கையை மூன்று பேருக்கு முறையாக விற்கலாம். பலகையில் நான் ஒவ்வொரு கட்டத்தையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரிக்கும்போது, மூலையிலிருக்கும் கவுன்டர்காரரின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆறு கட்டம் பதினெட்டாகிவிடும். உண்மையான ஒரு படுக்கை வசதிப் பெட்டியில் 72 அல்லது 80 இடங்கள். ஒரு வண்டியில் பல பெட்டிகள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வண்டிகள். மனித மூளை, பேனா, பதிவேடு மூன்றும் சேர்ந்து எங்கே திணறும் என்பது இப்போது எண்ணிப் பார்க்காமலே விளங்கும்.

1985-இல் புது தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. மென்பொருளை எழுதியது அன்று பொதுத்துறை நிறுவனமாக இருந்த சி.எம்.சி. அடுத்த ஆண்டே, ரயில்வேயின் கணினிப் பணிகளுக்கென்று 'கிரிஸ்' என்ற தனி நிறுவனம் அமைந்தது. மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மையங்கள் வந்தன. எந்தக் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்பது அன்றைய பயணிக்குப் பெரிய விடுதலை. ஆனாலும் ஐந்து நகரங்களும் ஐந்து தீவுகளாகவே இருந்தன. சென்னை மையத்தின் வண்டியைத் தில்லி மையம் பார்க்க முடியாது. ஐந்தும் ஒரே வலையாக இணைந்தது 1999-இல். கம்ப்யூட்டர் வந்ததற்கும் பலகை ஒன்றானதற்கும் இடையில் ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள். 'கணினிமயமாகிவிட்டோம்' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, எத்தனை பலகைகள் என்று கேட்க வேண்டும்.

அந்தத் தீவுக் காலத்தின் தடம் இன்றும் நம் சட்டைப் பையில் இருக்கிறது. பயணச்சீட்டில் உள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 அல்லது 5 என்றால் அது சென்னை மையத்தைச் சேர்ந்தது. 8, 9 என்றால் மும்பை.

படிவத்தின் கட்டங்கள்

முன்பதிவுப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். ரயில் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தகவல் அமைப்பைப் பற்றி அதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை.

வண்டி எண், தேதி, ஏறுமிடம், இறங்குமிடம், பெயர், வயது, ஆணா பெண்ணா. ஒவ்வொரு கட்டத்தையும் சுட்டி "இது எதற்கு?" என்று மாணவர்களைக் கேட்பேன். வண்டி எண்ணுக்கும் தேதிக்கும் உடனே பதில் வரும். வயதுக்கு? சிலர் அடையாளத்துக்கு என்பார்கள். காரணம் வேறு. 60 வயதைக் கடந்த ஆணுக்கும் 45 வயதைத் தொட்ட பெண்ணுக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும், இருந்தால் கீழ்ப்படுக்கையை ஒதுக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. முழங்கால் வலியோடு மேல்படுக்கைக்கு ஏற முடியாத ஒரு பாட்டியின் சிரமம், படிவத்தில் இரண்டு இலக்கமாக நுழைந்து, கணினிக்குள் ஒரு விதியைத் தட்டி எழுப்பி, கீழ்ப்படுக்கையாக வெளியே வருகிறது. வெறும் 67 என்ற எண் தரவு. "இவருக்குக் கீழே இடம் கொடு" என்பது அந்தத் தரவிலிருந்து பிறந்த தகவல். பாடநூல்கள் தரவு, தகவல் என்று பிரிப்பது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிக்கு 40 வயதில் கால் உடைந்திருந்தால் என்ன ஆகும்? வயதுக் கட்டம் அதைச் சொல்லாது. எந்தக் கட்டம் படிவத்தில் இருக்கிறது என்பதை ஒருவர் முடிவு செய்கிறார். கட்டம் இல்லாத துன்பம் அமைப்பின் கண்ணில் படுவதில்லை. நாளை நீங்கள் ஒரு நிறுவனத்தில் படிவம் வடிவமைக்கும் இடத்தில் உட்காரும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

படிவம் உள்ளே போன பின் நடப்பதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். சாக்பீஸை எடுப்பது, எழுதுவது, பணம் வாங்குவது, கீழே வைப்பது: எல்லாம் முழுமையாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிட வேண்டும். பாதியில் நிற்பதுதான் ஆபத்து. என் வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பயணியாக நடித்த தோழியிடம் "சில்லறை இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள். மற்ற இரு கவுன்டர்களிலும் வரிசை நீண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், பணம் எண்ணும்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் அவள் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் வேறொருவர் வந்து அதே கட்டத்தில் எழுதிவிட்டால்?

இணையத்தில் சீட்டு எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி சொந்த அனுபவம். படுக்கை இருப்பதாகத் திரை காட்டுகிறது. வங்கியின் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல் போட்டுத் திரும்பி வருவதற்குள் காத்திருப்போர் பட்டியலில் விழுந்திருப்பீர்கள். பணம் கட்டும்போது உங்களுக்காக இடம் பிடித்து வைக்கப்படுவதில்லை. பிடித்து வைத்தால், பணம் கட்டாமல் போகிறவர்களுக்காக மற்றவர்கள் காத்துக்கிடக்க நேரும். பிடிக்காவிட்டால், கட்டியவருக்கே இடம் இல்லாமல் போகலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவருக்கு வருத்தம். உறுதியான படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு தெரிவு பக்கத்தின் ஓரத்தில் இருப்பது இந்த வருத்தத்தைக் குறைக்கத்தான். இப்படிப்பட்ட தெரிவுகள் தொழில்நுட்பப் பிரிவின் தலைவலி என்று மேலாளர்கள் ஒதுங்கிவிடுவது எனக்கு ஏற்பில்லை. யாரைக் காக்க வைப்பது என்பது வணிக முடிவு.

இணையச் சீட்டு வந்தது 2002 ஆகஸ்டில், ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக. முதலில் திரையில் வாங்கிய சீட்டு அச்சாகிக் கூரியரில் வீட்டுக்கு வந்தது! கணினியில் பெயர் இருந்தும், காகிதம்தான் சான்று என்ற எண்ணம் விட்டுப்போகவில்லை. 2005-இல் மின்சீட்டு வந்தபோது அந்த இடம் மாறியது. இனி மூலப்பிரதி என்பது கணினியில் உள்ள பதிவு. பயணியின் கையிலிருப்பது அதன் நிழல். பெட்டிக்கு வரும் பரிசோதகர் சீட்டைவிட உங்கள் அடையாள அட்டையையே பார்க்கிறார். ஒரு நிறுவனம் எதை மூலம் என்று நம்புகிறது என்பது மாறும்போது வேலைகள் மாறுகின்றன, செலவு மாறுகிறது, ஏமாற்றும் வழிகளும் மாறுகின்றன. மருத்துவமனையில் நோயாளியின் கோப்பு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் பத்திரம், கல்லூரியில் மதிப்பெண் பட்டியல் என்று எல்லா இடத்திலும் இந்த மாற்றம் நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே பதிவு, வேறு வேறு கேள்விகள்

கவுன்டரில் இருப்பவருக்கு ஒரு கேள்விதான்: இந்தத் தேதியில் இந்த வண்டியில் இடம் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லிப் பதிவு செய்யும் பகுதியைப் பரிவர்த்தனைச் செயலாக்க அமைப்பு என்கிறார்கள். அதே பதிவுகள் கோடிக்கணக்கில் குவிந்தபின், மேலே இருக்கும் மேலாளர் கேட்பது வேறு. பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எந்த வண்டியில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? திருநெல்வேலிக்குச் சிறப்பு ரயில் விட வேண்டுமா, இருக்கிற வண்டியில் இன்னொரு பெட்டி கோத்தால் போதுமா? கவுன்டர்காரருக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒரு கெட்ட செய்தி. மேலாளருக்கு அதுவே எங்கே தேவை இருக்கிறது என்று காட்டும் வரைபடம். மேலாண்மைத் தகவல் அமைப்பு என்று பாடத்தில் நீளமாக வருவதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்: தினசரி வேலையின் பதிவுகளைத் தொகுத்து, மேலே இருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதிலாக்குவது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் முடிவு ஒன்று உண்டு. 2024 நவம்பர் 1 முதல், முன்பதிவு செய்யும் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். 61 முதல் 120 நாள் முன்னதாக எடுக்கப்பட்ட சீட்டுகளில் சுமார் 21 விழுக்காடு ரத்தாகின்றன. 5 விழுக்காட்டினர் ரத்தும் செய்வதில்லை, பயணமும் செய்வதில்லை. எந்தக் கவுன்டர்காரரும் இந்த இரண்டு எண்களையும் தன் அனுபவத்தில் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு ரத்தும் அவருக்குத் தனித்தனி மனிதர். யாரோ ஒருவர் சேர்த்து எண்ணிப் பார்த்ததால்தான், நான்கு மாதம் முன்னதாகக் கதவைத் திறப்பது வராத கூட்டத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது என்று தெரிந்தது. அந்த 5 விழுக்காட்டை நினைத்துப் பாருங்கள். பணமும் போய், படுக்கையும் காலியாகி, அதே வண்டியில் இடமில்லாமல் ஒருவர் பஸ் நிலையத்துக்கு ஓடியிருப்பார்.

எண்கள் இருந்தால் முடிவு சரியாகிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஏறுகட்டண முறை வந்தது. ஒவ்வொரு 10 விழுக்காடு இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 விழுக்காடு கூடும். உச்சம் ஒன்றரை மடங்கு. விமான நிறுவனங்கள் செய்வதுதானே என்று தோன்றும். ஆனால் விமானத்தில் கட்டணம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். இங்கே ஏற்றம் மட்டுமே இருந்தது. விற்பனை மந்தமாக இருக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கில் பதிலில்லை. 2018-இல் சில வண்டிகளுக்கு முறையையே விலக்கி, சிலவற்றுக்குக் கூட்டம் குறைந்த மாதங்களில் நிறுத்தி வைத்தார்கள். கணினி, சொன்ன கணக்கைத் துல்லியமாகவே போட்டது. கேள்வியைத்தான் மனிதர்கள் பாதியாகக் கேட்டிருந்தார்கள். முடிவெடுக்க உதவும் அமைப்பு என்ற பெயரில் 'உதவும்' என்ற சொல்லை மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அதில்தான் நின்று பேசுவேன்.

தகவல் எப்போது கிடைக்கிறது என்பதும் அதன் மதிப்பைக் கூட்டும், குறைக்கும். நீண்ட காலம், வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போதுதான் ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகும். ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ரயில் நிலையத்துக்கு வருபவர், இடம் உறுதியா என்று தெரியாமலே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. 2025-இல் அதை 8 மணி நேரத்துக்கு முன்பாகத் தயாரிக்க ரயில்வே முடிவெடுத்தது. பட்டியலில் இருக்கும் தகவலில் மாற்றமில்லை. கிடைக்கும் நேரம் மாறியதால், அது ஒரு குடும்பத்தின் இரவைக் காப்பாற்றும் தகவலாகிவிட்டது.

பரிசோதகரின் கையில்

தகவலும் அதிகாரமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை ஒரு பெட்டிக்குள் பார்த்துவிடலாம். பயணச்சீட்டுப் பரிசோதகர் முன்பெல்லாம் மடித்த காகிதப் பட்டியலோடு வருவார். செங்கல்பட்டு தாண்டியும் 23-ஆம் படுக்கைக்காரர் வரவில்லை. அந்தச் செய்தி அந்தப் பெட்டிக்குள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஒரு பக்கவாட்டுப் படுக்கையில் இருவராக உட்கார்ந்து முழுப் படுக்கைக்குக் காத்திருக்கும் ஆர்.ஏ.சி. பயணிகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேர்மையான பரிசோதகர் வரிசைப்படி கொடுப்பார். அப்படிக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கொடுத்தாரா என்று சரிபார்க்க வழி கிடையாது.

இப்போது பல வண்டிகளில் அவர் கையில் சிறு கணினிக் கருவி இருக்கிறது. "வரவில்லை" என்று அவர் குறித்ததும் அது மையப் பதிவுக்குப் போகிறது. வரிசையில் அடுத்தவருக்குப் படுக்கை ஒதுக்கப்படுகிறது. மிஞ்சினால் அடுத்த நிலையங்களில் விற்கவும் முடிகிறது. பெட்டியின் பூட்டிய மூலையில் இருந்த செய்தி, பலகைக்கு வந்துவிட்டது. பயணிக்கு இது நன்மை. பரிசோதகருக்கு? அவருடைய வேலையில் இருந்த சுமையும் குறைந்திருக்கிறது, சொந்தமாக முடிவெடுக்கும் இடமும் குறைந்திருக்கிறது. நிறுவனங்களில் புதிய அமைப்புகள் எதிர்ப்பைச் சந்திக்கும்போது, ஊழியர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். யாருடைய கையிலிருந்து எந்தத் தகவல் எடுக்கப்பட்டது, அதோடு சேர்ந்து என்ன மதிப்பு போனது என்று பார்த்தால் பாதி எதிர்ப்புக்குக் காரணம் விளங்கிவிடும்.

மனித இயல்பை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதிய விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். முன்பதிவில்லாச் சீட்டுக்கான செல்போன் செயலி வந்தபோது, காகிதமில்லாச் சீட்டை ரயில் நிலையத்துக்கு உள்ளேயோ தண்டவாளத்துக்கு அருகிலோ நின்று எடுக்க முடியாதபடி செய்திருந்தார்கள். போன் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் வழி பார்த்துச் செயலி மறுத்துவிடும். ஏன்? பரிசோதகர் தூரத்தில் வருவதைப் பார்த்த பின் சீட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையைக் கணினி செய்யவில்லை. பல ஆண்டுகள் பெட்டிக்குள் நடந்து பழகிய ஒருவர்தான் செய்திருக்க முடியும்.

தட்கல் இதற்கு மறுபக்கம். அவசரப் பயணத்துக்காக 1997-இல் வந்த திட்டம். இன்று குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. 2014-இல் இணைய அமைப்பைப் புதுப்பித்து, நிமிடத்துக்கு 2,000 சீட்டு என்ற திறனை 7,200 ஆக உயர்த்தினார்கள். கதவு அகலமானது. ஆனால் அந்தக் கதவில் மனித விரலைவிட வேகமான மென்பொருளோடு சிலர் நின்றிருந்தார்கள். ஒரு நிலையத்தின் கவுன்டரில், வெள்ளி முளைக்கும் முன்பே வந்து முதல் ஆளாக நின்ற பெரியவர் ஒருவருக்கு 11 மணி தாண்டி இரண்டாவது நிமிடத்தில் "காத்திருப்புதான் ஐயா" என்று பதில் வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். படிவத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை மறக்க முடியவில்லை. அவர் வரிசை விதியை முழுதாக மதித்தவர். வரிசை வேறெங்கோ இருந்தது.

2025-இல் ரயில்வே சந்தேகத்துக்குரிய சுமார் இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை முடக்கியது. ஜூலை 1 முதல் ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் தட்கல். திறந்த முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதியில்லை. இவை போதுமா என்பதை வகுப்பில் விவாதத்துக்கு விடுவேன். விவாதம் சூடாகவே நடக்கும். ஏனென்றால் ஊருக்குப் போக முடியாமல் போன பண்டிகை ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது.

குவிந்த தகவலுக்குச் சந்தை மதிப்பும் உண்டு. 2022 ஆகஸ்டில் பயணிகளின் தரவைப் பணமாக்கும் வழிகளை ஆராய ஆலோசகர் தேவை என்று ஐ.ஆர்.சி.டி.சி. ஒப்பந்தப்புள்ளி கோரியது. தனியுரிமை குறித்துக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதமே அதைத் திரும்பப் பெற்றார்கள். பெயரும் வயதும் நாம் கொடுத்தது கீழ்ப்படுக்கைக்காக. வேறொன்றுக்கு அதைப் பயன்படுத்துவதென்றால் மறுபடி நம்மிடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பருவத்தின் கடைசியில் மாணவர்களுக்கு ஒரு களப்பணி கொடுக்கிறேன். சொந்த ஊரில் ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் போய், என்ன மென்பொருள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல், யார் எதை எழுதுகிறார், யார் அதைப் படிக்கிறார், படித்த பின் எது மாறுகிறது என்று பார்த்து வர வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஏதாவது கைநோட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் இருக்கும்.

போன ஆண்டு ஒரு மாணவி தன் ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போய் வந்தாள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாலை ஊற்றியதும் இயந்திரம் லிட்டரையும் கொழுப்பையும் அளந்து, விலை போட்டு, ரசீது அடித்துக் கொடுக்கிறது. ஆனாலும் செயலாளரின் மேசையில் பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்ததாம். அதில் உறுப்பினர் பெயரும் ஒரு தேதியும் மட்டும் வரிசையாக எழுதியிருந்தது. "இது எதற்கு அண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். மாடு கன்று போட்ட தேதி என்று அவர் சொல்லியிருக்கிறார். சில நாளைக்குச் சீம்பால் வரும். அது மற்றப் பாலோடு கலந்துவிடக் கூடாது. அதை எழுத இயந்திரத்தில் கட்டம் இல்லை.